கரும்பு வைரஸ் மாறிக்கொண்டே இருந்தால் திசு வளர்ப்பு நாற்று எதற்கு?

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"ஐயா, கரும்பைத் தாக்கும் வைரஸ்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன, மாறிக்கொண்டே இருக்கின்றன என்று சென்ற காணொளியில் சொன்னீர்கள். என் கோ 86032 கரும்பில் ஏழாம் மாதத்திலிருந்து நடுநரம்பு மஞ்சளாகிறது. ஓர் ஆய்வகத்தில் வைரஸ் இல்லை என்றார்கள். இன்னோர் ஆய்வகத்தில் இருக்கிறது என்றார்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருக்குமென்றால் காசு கொடுத்துத் திசு வளர்ப்பு நாற்று வாங்கி என்ன பயன்? எல்லா வைரஸையும் தாங்குகிற ரகம் ஒன்றை ஏன் வெளியிடக் கூடாது?"

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான ஆளின் மேல் விழுகிறது. கொரோனாவுக்குப் பிறகு 'உருமாற்றம்' என்று சொன்னாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் வயலில் நடப்பதற்கு வைரஸ் மாறுவது முதல் காரணம் அல்ல. வைரஸ் மாறாமல் அப்படியே கரணையில், அதாவது நடவுக்கு வெட்டும் கரும்புத் துண்டில், உட்கார்ந்து அடுத்த நடவுக்கு வருவதுதான் முதல் காரணம். மாறுவது பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களும் ரகம் உருவாக்குபவர்களும்தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், நாம் ஒரு வைரஸைப் பற்றிப் பேசவில்லை. தமிழ்நாட்டுக் கரும்பில் கவனிக்க வேண்டியவை மூன்று கூட்டம். ஒன்று தேமல் நோய். குருத்துக்கு அடுத்த இளம் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பச்சையின் ஊடே வெளிர்ப்பச்சைத் தீற்றல்கள் துண்டு துண்டாக, ஒழுங்கில்லாமல் ஓடும். இரண்டாவது, நீங்கள் சொல்கிற மஞ்சள் இலை நோய். இதில் இலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நடுநரம்பின் அடிப்பக்கம் நல்ல மஞ்சளாக இருக்கும், இரு பக்கத்து இலைப்பரப்போ இன்னும் பச்சையாகவே இருக்கும். பிறகுதான் மஞ்சள் பக்கவாட்டில் பரவி நுனியிலிருந்து காய்ந்து வரும். தழைச்சத்துக் குறைவு என்றால் அடியிலை முழுவதும் சேர்ந்து வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைவு என்றால் இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளுக்கும். நரம்பு மட்டும் முதலில் மஞ்சளானால் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, கோல் வடிவ வைரஸ். இதற்குப் பல நேரம் அறிகுறியே இருக்காது. இதைப் பரப்பும் மாவுப்பூச்சியை மட்டும் நீங்கள் நன்றாக அறிவீர்கள். சோகையை, அதாவது காய்ந்த இலையை, உரித்தால் கணுவை ஒட்டி இளஞ்சிவப்பாக, மேலே மாவு பூசினாற்போல் கூட்டமாக இருக்குமே, அதுதான்.

இந்த மூன்றும் மூன்று விதமாக மாறுகின்றன.

தேமல் வைரஸ்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. நீளம் பத்தாயிரம் எழுத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் பழக்கம் கிடையாது. பத்தாயிரத்திலிருந்து லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை வரை விடுகிறது. அப்படியானால் பல படிகளில் குறைந்தது ஓர் எழுத்தாவது மாறியிருக்கும். ஏட்டுச்சுவடியைப் பார்த்து எழுதியவர்கள் விட்ட பிழைகளால் பாடபேதம் வந்ததைப் போலத்தான். ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பார் அல்லவா? வைரஸ் ஆய்வாளர்களும் அதே வழியில்தான் எந்த ஊர் வைரஸ் எதற்கு உறவு என்று குடும்ப மரம் வரைகிறார்கள். இரண்டு சுவடிகளை வைத்துக்கொண்டு பாதியை இதிலிருந்தும் பாதியை அதிலிருந்தும் எழுதினால் மரமே குழம்பிப்போகும். வைரஸில் அதுவும் நடக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் பிழை விட்ட படிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தேமலைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. அதன் வாயில் ஒட்டுவதற்குத் தேமல் வைரஸின் மேலுறைப் புரதத்தில் அஸ்பார்டிக் அமிலம், அலனின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அந்த இடத்தில் மாற்றம் வந்தால் செடிக்குள் அது பெருகலாம், பூச்சி வழியாகப் பக்கத்துச் செடிக்குப் போவது நின்றுவிடும். மேலும் ஓர் அசுவினி ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு எடுத்துச் செல்வது கோடிக்கணக்கான துகள்களை அல்ல, ஒரு சிலவற்றைத்தான். அந்தக் குறுகிய வாசலில் எது நுழைகிறது என்பதில் திறமையைவிட அதிர்ஷ்டத்துக்கே பங்கு அதிகம். ஆகவே மாற்றம் என்பது ஓயாமல் நடக்கிறது, ஆனால் புதிய ஆபத்து தினமும் பிறப்பதில்லை.

தேமல் விஷயத்தில் இன்னொரு சிக்கல் பெயரில் இருந்தது. ஒரே கரும்புத் தேமல் வைரஸ், அதில் ஏ, பி, எச் என்று பல வகைகள், இப்படித்தான் வெகுகாலம் நினைத்தார்கள். 1989இல் மேலுறைப் புரதத்தை ஒப்பிட்டுப் பார்த்து, கரும்பிலும் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் வருகிற அந்தக் கூட்டம் உண்மையில் நான்கு தனி வைரஸ்கள் என்று பிரித்தார்கள். எச், ஐ, எம் என்ற வகைகள் கரும்புத் தேமல் வைரஸே அல்ல, சோளத் தேமல் வைரஸ் என்று ஆயிற்று. அதோடும் முடியவில்லை. பாகிஸ்தானிலிருந்து போன கரும்பை அமெரிக்காவில் தனிமைப்படுத்திச் சோதித்தபோது கீற்றுத் தேமல் வைரஸ் என்று வேறொன்று தெரிந்தது. 1990களின் இறுதியில் திருப்பதியில் ஆந்திரக் கரும்பை ஆராய்ந்தவர்களும் அதையே கண்டார்கள். இன்று இந்தியக் கரும்பில் தேமல் என்றால் இந்தக் கீற்றுத் தேமல் வைரஸ் தனியாகவோ, மற்றதோடு சேர்ந்தோ இருப்பது சாதாரணம். கண்ணால் பார்த்து இதுதான் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் மஞ்சள் இலைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த வைரஸ் என்றால் இதுதான், விவசாயியிடம் இப்படிச் சொல்லக்கூடாது, மன்னியுங்கள். 1980களின் இறுதியில் ஹவாயில் இந்த நோயைக் கவனித்தார்கள். 1990களில் பிரேசிலில் பரவலாகப் பயிரிட்ட ஒரு ரகத்தைக் கடுமையாகத் தாக்கியது. இந்தியாவில் பதிவானது 1999இல். மரபுப்பொருள் ஆறாயிரம் எழுத்துக்குச் சற்றுக் குறைவு. 2000இல் இதன் முழு வரிசையைப் படித்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. முன்பகுதி, அதாவது பெருகுவதற்கான பகுதி, உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரஸின் இனத்தைச் சேர்ந்தது. நடுவில் மேலுறைப் புரதத்துக்கான பகுதியோ பார்லியின் மஞ்சள் குட்டை நோய் வைரஸின் இனத்தோடு ஒத்துப்போகிறது. கடைசிப் பகுதி பட்டாணி வைரஸ் ஒன்றின் இனத்தை நெருங்குகிறது. ஒரே செடியின் ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து புகுந்தபோது, படியெடுக்கும் நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டது. அப்படித் தாவித் தாவிப் பிறந்த கலப்பு இது. மேலே சொன்னேனே, பாதியை இதிலிருந்து, பாதியை அதிலிருந்து என்று, அதுதான். வைரஸ்களுக்குப் பெயரும் குடும்பமும் வகுக்கும் பன்னாட்டுக் குழு இந்த மூன்று இனங்களையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தது. அண்மையில் அந்தக் குடும்பத்தையே கலைத்து, படியெடுக்கும் நொதியின் உறவைப் பார்த்து வேறு வேறு குடும்பங்களில் போட்டுவிட்டது. முன்பாதி ஒரு வீட்டுப் பிள்ளை, பின்பாதி இன்னொரு வீட்டுப் பிள்ளை என்றால் யார்தான் என்ன செய்வார்கள்!

உலகில் பரவிய இந்த வைரஸை வரிசைப்படுத்தியபோது பிரேசில்-பெரு, கியூபா, ரீயூனியன், ஹவாய், சீனா என்று வகைகள் பிரிந்தன. இந்தியாவில் எடுத்தவற்றில் ஒரு கூட்டம் இவற்றோடு சேராமல் தனி வகையாக நின்றது. அதைக் கண்டவர்கள் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்து நோயியலாளர்கள். இந்திய வகையின் வரிசையிலும் கலப்பின் தடங்கள் தெரிகின்றன.

இங்கேதான் உங்கள் இரண்டு ஆய்வக முடிவுகளுக்கு விளக்கம் இருக்கிறது. பி.சி.ஆர். பரிசோதனையில் வைரஸ் வரிசையின் ஒரு சிறு துண்டோடு பொருந்துகிற தொடக்க இழை ஒன்றைப் போடுவார்கள். அந்த இழை வேறு நாட்டு வகையைப் பார்த்து வடிவமைத்ததாக இருந்து, உங்கள் வயல் வைரஸில் அந்த இடத்தில் சில எழுத்துகள் மாறியிருந்தால் இழை ஒட்டாது. இயந்திரம் இல்லை என்று சொல்லும். வைரஸ் சிரித்துக்கொண்டு இலையிலேயே இருக்கும். கோல் வடிவ வைரஸில் இந்தத் தொல்லை இன்னும் மோசம். அது டி.என்.ஏ. வைரஸ்தான், ஆனால் பெருகும்போது ஆர்.என்.ஏ.வாக மாறித் திரும்பவும் டி.என்.ஏ.வாக எழுதப்படுகிறது. திரும்ப எழுதும் அந்த நொதியும் பிழை விடுகிற நொதிதான். அந்த நொதிக்கான மரபணுப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி வைரஸ் என்று கணக்கு. கரும்பில் அப்படித் தனியாகப் பிரிந்தவை பல இருக்கின்றன. ஒரே தொடக்க இழையை வைத்துக்கொண்டு அத்தனையையும் பிடிப்பது நடக்காத காரியம்.

உங்கள் முடிவுகள் முரண்பட்டதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் இருக்கலாம். எந்த இலையை, எந்தப் பகுதியை அனுப்பினீர்கள்? மஞ்சள் இலை வைரஸ் சர்க்கரை ஓடும் குழாய்த் திசுவுக்குள் மட்டுமே வாழ்வது. இலைப்பரப்பைக் கிழித்து அனுப்பினால் அதில் மிகக் குறைவாகத்தான் இருக்கும். நடுநரம்பை அனுப்ப வேண்டும். அடுத்த முறை ஆய்வகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்திய வகையைக் கண்டறியும் இழையைப் பயன்படுத்துகிறீர்களா, நோய் இருப்பது உறுதியான மாதிரியை உடன் வைத்து ஓட்டினீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

எல்லாவற்றையும் தாங்கும் ரகம் ஏன் வரவில்லை என்கிறீர்கள். இதற்கு இரண்டு ஊர்க் கதைகளைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் கோயம்புத்தூருக்குத் தொடர்பு உண்டு.

முதல் கதை அமெரிக்காவின் லூசியானா. 1920களில் தேமல் நோய் அங்கே கரும்புத் தொழிலையே படுக்க வைத்துவிட்டது. அசுவினி இந்த நோயைப் பரப்புகிறது என்று 1920ஐ ஒட்டித்தான் கண்டுபிடித்திருந்தார்கள். ஜாவாவில் உருவான பி.ஓ.ஜே. ரகங்களும், கோயம்புத்தூரில் உருவான கோ 281, கோ 290 ரகங்களும் போய்த்தான் அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தின. நம் நாணல் இனத்துக் காட்டுக்கரும்பின் இரத்தம் ஓடிய ரகங்கள் அவை. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? எதிர்ப்பு ரகங்கள் வயல் முழுவதும் நின்றபோது, அதுவரை இருந்த வைரஸ் வகைகள் ஒடுங்கின. 1950களின் நடுவில் எச் என்ற வகை தலையெடுத்தது. பிறகு ஐ, அதற்கும் பிறகு எம். நாம் ரகத்தை மாற்ற மாற்ற, அந்த ரகத்தில் பெருகத் தெரிந்த வைரஸ் மேலே வந்தது. இதில் வைரஸுக்கு எந்தத் திட்டமும் இல்லை. வயலில் எதை நட்டோமோ அது சல்லடை, அதில் தங்கியது தங்கியது.

இரண்டாவது கதை ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க். கோயம்புத்தூரில் கோ 421, கோ 312 இரண்டையும் கலந்து கிடைத்த விதை தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கே தேர்வு செய்யப்பட்ட ரகம் என்.கோ 310. ஆப்பிரிக்காவில் இலைத்தத்துப்பூச்சி பரப்பும் கீற்று வைரஸை (மேலே சொன்ன கீற்றுத் தேமல் வைரஸ் அல்ல, இது வேறு) தாங்கியதால் அங்கே பெரும் பெயர் பெற்றது. அதே ரகத்தைப் பண்டபெர்க்கில் வயல் வயலாக நட்டார்கள். 1970களில் ஃபிஜி நோய் வெடித்தது. இலையின் அடியில் நரம்பு நெடுக வீங்கி, குருத்தைக் கடித்துத் தின்றதுபோல் குட்டையாகும் நோய் அது. வைரஸ் உருமாறியதா? இல்லை. அங்கே பழைய காலத்திலிருந்தே இருந்த வைரஸ்தான். அதற்கும் அதைச் சுமக்கும் தத்துப்பூச்சிக்கும் ஏற்ற ரகம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து நட்டார்கள், அவ்வளவுதான். தாங்கும் ரகங்களுக்கு மாறிய பிறகே அது அடங்கியது.

ஒரு வைரஸைத் தாங்கும் ரகம் இன்னொன்றுக்கு விருந்தாகலாம். தேமல் கூட்டம், மஞ்சள் இலை, கோல் வடிவம், இவை மூன்றும் மூன்று வேறு வழிகளில் செடிக்குள் வேலை செய்பவை. மூன்றையும் தாங்கி, செவ்வழுகல் என்ற பூஞ்சண நோயையும் தாங்கி, சர்க்கரைக் கட்டுமானமும் குறையாமல், வெட்டிய தூரிலிருந்து மீண்டும் தழைக்கும் மறுதாம்பும் நன்றாக வர வேண்டும் என்றால் ரகம் உருவாக்குபவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தேடினாலும் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் மாநிலம் முழுவதும் அது ஒன்றையே நடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 2000க்குப் பிறகு தமிழ்நாட்டில் கோ 86032 எவ்வளவு பரப்பைப் பிடித்தது என்பது உங்களுக்கே தெரியும். நல்ல ரகம், சந்தேகமே இல்லை. ஆனால் 'ரகம் தளர்ந்துவிட்டது, முன்போல் எடை வருவதில்லை' என்று ஊருக்கு ஊர் பேசுகிறார்களே, ரகத்தின் குணம் எங்கும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் சொந்த வயலிலிருந்தோ பங்காளி வயலிலிருந்தோ கரணை வெட்டி நடுகிறோம். நெல்லில் விதை வழியாகப் பல வைரஸ்கள் கடக்க முடியாது, தலைமுறைக்கு ஒரு முறை கணக்கு சுத்தமாகிறது. கரும்பில் அந்த வசதி இல்லை. தாய்க்கரும்பில் இருந்தது அப்படியே கரணையில் வரும், மறுதாம்பில் தங்கும், அதன் மேல் இந்த ஆண்டு அசுவினி கொண்டுவந்தது சேரும். இரண்டு வைரஸ்கள் ஒரே தூரில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து குடியிருக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கலப்பு வைரஸ் பிறப்பதற்கும் இதுவே வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஆகவே திசு வளர்ப்பு நாற்று வீண் அல்ல. வளர்நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுள்ள திசுவில் சர்க்கரை ஓடும் குழாய் இன்னும் உருவாகியிருக்காது. மஞ்சள் இலை வைரஸ் அதுவரை எட்ட வழியில்லை. அந்த நுனியை எடுத்து வளர்த்தால் அது இந்திய வகையாக இருந்தாலும் பிரேசில் வகையாக இருந்தாலும் பெரும்பாலும் கழன்றுவிடும். வைரஸ் எத்தனை விதமாக மாறினாலும் இந்த வழி செல்லும் என்பதுதான் இதன் சிறப்பு. கரணையை வெந்நீரிலோ நீராவியிலோ வைத்தால் போகாதா என்று சிலர் கேட்பார்கள். புல்தழைக் குருத்து நோய்க்கும் மறுதாம்புக் குட்டை நோய்க்கும் அது உதவும். அவை வைரஸால் வருபவை அல்ல. மஞ்சள் இலை வைரஸுக்கு அந்தச் சூடு போதாது.

ஆனால் 'திசு வளர்ப்பு' என்று தட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நோயுள்ள தாய்க்கரும்பிலிருந்து பெரிய துண்டாக எடுத்து வளர்த்தால் வைரஸும் ஆயிரக்கணக்கில் பெருகி உங்களிடம் வரும். தாய்ச்செடிக்கு வைரஸ் பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் கொண்டுவந்த திசு வளர்ப்புச் செடிகளுக்கான சான்றளிப்பு முறை இதற்காகத்தான் இருக்கிறது. சான்று எங்கே என்று கேளுங்கள்.

அடுத்து, சுத்தமான நாற்று சுத்தமாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். அசுவினி பக்கத்து வயலிலிருந்து மஞ்சள் இலை வைரஸை மீண்டும் கொண்டுவரும். இந்த அசுவினி ஒரு முறை வைரஸை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் சுமக்கும். அதனால் விதைப்பண்ணையைப் பழைய மறுதாம்பை ஒட்டி வைக்காதீர்கள். தேமல் விஷயம் வேறு. அசுவினி சில நொடி உறிஞ்சினாலே போதும், ஒட்டிக்கொண்டுவிடும். நீங்கள் மருந்தடித்து அது சாவதற்குள் வேலையை முடித்திருக்கும். ஆகவே தேமலுக்கென்று பூச்சிமருந்தில் காசைக் கரைக்காதீர்கள். விதைக்கரும்பு ஆறு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் இருக்கும்போதே வரிசை வரிசையாக நடந்து, தேமலோ மஞ்சள் நரம்போ தெரியும் தூரை வேரோடு எடுத்துவிடுங்கள். மஞ்சள் இலையின் அறிகுறி அந்த வயதில்தான் தெரியத் தொடங்கும், அதனால் வெட்டுவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவது முக்கியம்.

உங்கள் வயலுக்கு என் யோசனை இது. இப்போது நிற்கும் மஞ்சள் கரும்பை ஆலைக்கு அனுப்புங்கள், அதன் சர்க்கரைக்கு விலை உண்டு. கரணைக்கு மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மறுதாம்பையும் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். பத்து சென்ட் அளவில் பரிசோதித்த நாற்றை நட்டு, அதிலிருந்து வரும் ஒரு பருக் கரணையைக் குழித்தட்டில் வளர்த்து அடுத்த நடவுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா வயலுக்கும் திசு வளர்ப்பு நாற்று வாங்க வேண்டியதில்லை. அந்தப் பத்து சென்ட்டையும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும்.

அடுத்த வாரம் செவ்வழுகல் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அது பூஞ்சணம், வைரஸ் அல்ல. அந்தக் கேள்வியையும் இதற்குக் கீழேயே கேட்டிருக்கிறார்கள், அதனால் சொன்னேன். வணக்கம்.